ஹாக்னி டவுன்ஸ்: ஒரே மனையில் இரண்டு பள்ளிகள்

கிழக்கு லண்டனின் ஹாக்னி பகுதியில், இரண்டு ரயில் பாதைகளுக்கு நடுவே முக்கோணமாக ஒரு மனை இருக்கிறது. எதிரே ஹாக்னி டவுன்ஸ் என்ற பெரிய புல்வெளிப் பூங்கா. இந்த மனையில் 1876 முதல் 1995 வரை ஒரு பள்ளி நடந்தது. அதை அரசே தலையிட்டு மூடியது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2004-ல், அதே இடத்தில் வேறொரு பள்ளி திறந்தது. மூடப்பட்ட பள்ளிக்கு, நாட்டிலேயே மோசமான பள்ளி என்று பத்திரிகைகள் பட்டம் கட்டியிருந்தன. புதிய பள்ளியைத் தொழிற்கட்சிக்காரர்களும் கன்சர்வேட்டிவ் கட்சிக்காரர்களும் போட்டி போட்டுக்கொண்டு புகழ்ந்தார்கள். இங்கிலாந்தின் பள்ளிக் கல்வி பற்றிப் பேச்சு வந்தால் இன்றும் இந்த இரண்டு பெயர்களும் சேர்ந்தே வரும்: ஹாக்னி டவுன்ஸ், மோஸ்பார்ன்.

கெட்ட பள்ளி போனது, நல்ல பள்ளி வந்தது, கண்டிப்பான தலைமை ஆசிரியர் ஒருவர் எல்லாவற்றையும் மாற்றினார் என்றுதான் வழக்கமாகக் கதை சொல்வார்கள். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்த வாசலுக்குள் எந்தக் காலத்தில் எந்தப் பிள்ளைகளை விட்டார்கள், அதை யார் முடிவு செய்தார்கள் என்ற கேள்வி அதில் இல்லை. அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு இந்த மனையின் வரலாற்றைப் படித்தால்தான் விஷயம் புரியும் என்று நினைக்கிறேன்.

பள்ளியைத் தொடங்கியது ‘குரோசர்ஸ் கம்பெனி’. இது லண்டன் நகரின் பழைய வணிகர் சங்கங்களுள் ஒன்று. 1345-ல் மிளகு வணிகர்கள் கூடி அமைத்தது. பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்த சொத்தின் ஒரு பகுதியைச் செலவிட்டு, நகரின் வடகிழக்கே அப்போது வளர்ந்துகொண்டிருந்த ஹாக்னியில் ஆண்பிள்ளைகளுக்கு ஒரு பகல் பள்ளியைக் கட்டினார்கள். பெயரும் ‘குரோசர்ஸ் கம்பெனிஸ் ஸ்கூல்’ என்பதுதான். கட்டணப் பள்ளி. குமாஸ்தாக்கள், கடைக்காரர்கள், சிறு வணிகர்கள் போன்ற நடுத்தரக் குடும்பங்களின் பையன்களுக்காக ஏற்பட்டது. சங்கத்தின் சின்னத்தில் கிராம்பு இருப்பதால் பழைய மாணவர் மன்றத்துக்குக் ‘கிளோவ் கிளப்’, அதாவது கிராம்பு மன்றம், என்று பெயர் வைத்தார்கள். பள்ளியே போன பிறகும் அந்த மன்றம் கலையவில்லை.

1902-ம் ஆண்டுக் கல்விச் சட்டம் இங்கிலாந்தின் இடைநிலைக் கல்வியை உள்ளாட்சி மன்றங்களின் கைக்குக் கொண்டுவந்தது. அதைத் தொடர்ந்து, 1906-ல் பள்ளி லண்டன் கவுண்டி கவுன்சிலுக்கு மாறியது; ‘ஹாக்னி டவுன்ஸ் ஸ்கூல்’ என்ற பெயரும் வந்தது. ஆரம்பப் பள்ளிகளில் படித்த ஏழைப் பையன்கள் உதவித்தொகைத் தேர்வு எழுதி உள்ளே வரத் தொடங்கினார்கள். வாசல் கொஞ்சம் திறந்தது. இதே காலத்தில் ரஷ்யா, போலந்துப் பக்கமிருந்து அகதிகளாக வந்து ஒயிட்சாப்பலின் நெரிசலில் குடியேறியிருந்த யூதக் குடும்பங்கள், கையில் நாலு காசு சேர்ந்ததும் வடக்கே ஹாக்னிக்கும் கிளாப்டனுக்கும் நகர்ந்தன. தையற்கடை வைத்திருந்தவர், வண்டி ஓட்டியவர், சந்தையில் துணி விற்றவர் என்று பலரும் பிள்ளையை இந்தப் பள்ளியில் சேர்க்கத் துடித்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மாணவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் யூதர்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவர், பின்னாளில் இலக்கிய நோபல் பரிசு பெற்ற ஹெரால்ட் பின்ட்டர். அப்பா பெண்களுக்கான உடை தைக்கும் தையற்காரர். 1944-ல் பள்ளியில் சேர்ந்தார். அங்கே ஆங்கிலம் நடத்தியவர் ஜோ பிரேர்லி. 1947-ல் பிரேர்லி மேடையேற்றிய மாக்பெத் நாடகத்தில் பின்ட்டருக்குத்தான் நாயகன் வேடம். அடுத்த ஆண்டு ரோமியோ. ஆசிரியர், மாணவர் என்ற உறவு வகுப்பறையோடு முடியவில்லை. இருவரும் ஹாக்னி டவுன்ஸிலிருந்து கிளம்பி ஸ்பிரிங்ஃபீல்ட் பூங்கா, லீ ஆற்றங்கரை, கிளாப்டன் குளம் என்று மணிக்கணக்கில் நடப்பார்கள். நடந்தபடியே ஜான் வெப்ஸ்டரின் பதினேழாம் நூற்றாண்டு நாடக வரிகளைக் காற்றில் உரக்கச் சொல்வார்கள். எதிரே வரும் டிராலி பஸ்களைப் பார்த்தும் சொல்வார்கள். பின்ட்டரே 1995-ல் ஒரு பரிசு ஏற்புரையில் இதை நினைவுகூர்ந்தார். அதே ஆண்டு டிசம்பரில்தான் பள்ளியை மூடினார்கள்.

பள்ளியின் பெருமைப் பட்டியல் நீளமானது. ஓவியர் லியோன் கோசோஃப், நாடகக்காரர் ஸ்டீவன் பெர்காஃப், நாவலாசிரியர் அலெக்சாண்டர் பேரன், பொருளியலறிஞர் மாரிஸ் பெஸ்டன், வழக்கறிஞர் ஆர்னால்ட் குட்மன் ஆகியோர் இங்கே படித்தவர்கள். நடிகர் மைக்கேல் கெய்னும் சிறிது காலம் படித்தார். இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது லண்டன் பள்ளிகளை வெளியூர்களுக்கு மாற்றினார்கள். அப்போது இந்தப் பள்ளி நார்ஃபோக் மாவட்டத்தின் கிங்ஸ் லின் ஊருக்குப் போனது.

1944-ம் ஆண்டுக் கல்விச் சட்டம் எல்லோருக்கும் இலவச இடைநிலைக் கல்வியைக் கொண்டுவந்தது. கூடவே ஒரு பெரிய பிரிவினையையும் கொண்டுவந்தது. பதினொரு வயதில் குழந்தை ‘லெவன் பிளஸ்’ என்ற தேர்வு எழுத வேண்டும். தேறினால் கிராமர் பள்ளி, அங்கிருந்து பல்கலைக்கழகம். தேறாவிட்டால் ‘செகண்டரி மாடர்ன்’, அங்கிருந்து வேலை. கிராமர் பள்ளியில் இடம் கிடைத்தது ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கே. ஹாக்னி டவுன்ஸ் கிராமர் பள்ளியானது. பின்ட்டர் காலத்துப் பள்ளியைப் பொற்காலம் என்று பேசுகிறவர்கள் உண்டு. அந்தப் பொற்காலத்தில் ஹாக்னியின் பெரும்பாலான பையன்கள் அந்த வாசலைத் தாண்டியதே இல்லை. ஆசிரியர்கள் சிறந்தவர்கள்தான், சந்தேகமில்லை. அவர்களுக்குக் கிடைத்தது முன்கூட்டியே சலித்தெடுத்த வகுப்பறை.

1963-ல் தீ விபத்து. விக்டோரியா காலத்துக் கட்டடத்தின் பெரும்பகுதி எரிந்துபோனது. புதிய கட்டடங்கள் எழுந்தன. அதைவிடப் பெரிய மாற்றம் 1965-ல் வந்தது. ஹாரால்ட் வில்சனின் தொழிற்கட்சி அரசு ‘10/65’ என்ற சுற்றறிக்கையை அனுப்பி, பதினொரு வயதுத் தேர்வைக் கைவிட்டு எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வகைப் பள்ளியில் சேர்க்கத் திட்டமிடுமாறு உள்ளாட்சிகளைக் கேட்டுக்கொண்டது. இவைதான் ‘காம்ப்ரிஹென்சிவ்’ பள்ளிகள். ஹாக்னி டவுன்ஸ் 1969-ல் இதற்கு மாறியது. டார்ட்ஸ் விளையாட்டில் ஐந்து முறை உலக சாம்பியனான எரிக் பிரிஸ்டோ இந்த மாற்றக் காலத்தில் படித்த மாணவர்.

முதல் சில ஆண்டுகள் பள்ளி நன்றாகவே நடந்தது. ஆனால் ‘எல்லோருக்கும் பொது’ என்ற சொல் தாளில் மட்டுமே முழுமையாக இருந்தது. அக்கம்பக்கத்தில் இருந்த கிறிஸ்தவத் திருச்சபைப் பள்ளிகளுக்குத் தங்கள் சேர்க்கையைத் தாங்களே முடிவு செய்யும் உரிமை இருந்தது. வசதியான, விவரம் தெரிந்த பெற்றோர் பிள்ளைகளை வேறு பகுதிப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள், அல்லது வீட்டையே மாற்றினார்கள். யூதக் குடும்பங்கள் மேலும் வடக்கே, புறநகர்களுக்குப் போய்விட்டன. அவர்கள் இடத்துக்கு கரீபியன் தீவுகள், துருக்கி, ஆப்பிரிக்கா, வங்கதேசம் எனப் பல ஊர்களிலிருந்து குடும்பங்கள் வந்தன. வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகளுக்குக் கூடுதல் ஆசிரியர், கூடுதல் நேரம் வேண்டும். ஹாக்னி டவுன்ஸ் ஆண்கள் பள்ளி வேறு; பெண் பிள்ளைகளும் படிக்கும் பள்ளியையே பல பெற்றோர் விரும்பினார்கள். பிற பள்ளிகள் வெளியேற்றிய பையன்களுக்கு இடம் எங்கே காலி? இங்கேதான். மற்ற பள்ளிகள் எடுத்தது போக மிஞ்சியவர்கள் வந்து சேரும் இடமாகப் பள்ளி மெல்ல மெல்ல மாறியது.

1988-ம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தச் சட்டம் இந்தச் சரிவை வேகமாக்கியது. அந்தச் சட்டத்தின்படி மாணவர் தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுப் பணம் வரும். பெற்றோர் விரும்பிய பள்ளியைக் கேட்கலாம். சில ஆண்டுகளில் தேர்வு முடிவுகளைப் பட்டியலிட்டு வெளியிடுவதும் தொடங்கியது. பட்டியலில் கீழே இருக்கும் பள்ளிக்குப் பிள்ளைகள் குறைவார்கள். பிள்ளைகள் குறைந்தால் பணம் குறையும், பணம் குறைந்தால் நல்ல ஆசிரியரை வைத்துக்கொள்ள முடியாது, அடுத்த ஆண்டு முடிவு இன்னும் மோசமாகும். இந்தச் சுழலில் ஒரு பள்ளி சிக்கினால் வெளியே வருவது அபூர்வம். அதே சட்டம் லண்டன் நடுப்பகுதிப் பள்ளிகளை நிர்வகித்துவந்த பெரிய கல்வி ஆணையத்தையும் கலைத்தது. 1990 ஏப்ரலில் பொறுப்பு ஹாக்னி கவுன்சில் தலையில் விழுந்தது. பள்ளி நடத்தி அனுபவமில்லாத, தன் வரவு செலவையே சமாளிக்கத் திணறிய மன்றம் அது. ஹாக்னி டவுன்ஸ் கட்டடத்தில் ஆஸ்பெஸ்டாஸ் சிக்கல் வேறு. தலைமை ஆசிரியர்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள்.

பள்ளிகளை ஆய்வு செய்ய 1992-ல் ஆஃப்ஸ்டெட் என்ற அமைப்பு உருவானது. அதன் ஆய்வாளர்கள் 1994-ல் வந்து, பள்ளி தேறவில்லை என்று எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். கவுன்சில் முதலில் மூடுவதாகச் சொன்னது. 1995 கோடையில் மனம் மாறி, தொடர்ந்து நடத்துவதாக வாக்களித்தது. ஒரு மாதம்கூடப் போயிருக்காது, கன்சர்வேட்டிவ் அரசின் கல்வி அமைச்சர் ஜில்லியன் ஷெப்பர்ட் பள்ளியைக் கவுன்சில் கையிலிருந்து எடுத்து ஒரு சிறு குழுவிடம் கொடுத்தார். பத்திரிகைகள் அதை ‘ஹிட் ஸ்குவாட்’, அதாவது அதிரடிப்படை, என்றே அழைத்தன. 1993-ல் இயற்றிய சட்டம் தந்த இந்த அதிகாரத்தை நாட்டிலேயே முதன்முதலாகப் பயன்படுத்தியது இங்கேதான். கோடை விடுமுறைக்குப் பிறகு குழு தன் முடிவை அறிவித்தது: மூடிவிடலாம். அப்போது மீதமிருந்தவர்கள் சுமார் 200 மாணவர்கள். பெற்றோரும் ஆசிரியர்களும் நீதிமன்றம் வரை போனார்கள், தோற்றார்கள். கல்வி ஆண்டின் நடுவே, கிறிஸ்துமஸ் விடுமுறையோடு பள்ளி முடிந்தது. பொதுத்தேர்வுக்கு ஆறு மாதமே இருந்த பையன்கள் உட்பட, பெரும்பாலானோரைப் பக்கத்தில் இருந்த ஹோமர்டன் ஹவுஸ் பள்ளிக்கு மாற்றினார்கள்.

அந்தப் பையன்களை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. பள்ளி மோசமாக நடந்தது உண்மை. பாடம் ஒழுங்காக நடக்கவில்லை, வாசிக்கத் தடுமாறியவர்கள் பலர், ஒரு மாணவருக்கு ஆன செலவோ மிக அதிகம். மூட வேண்டியிருந்தது என்றே வைத்துக்கொள்வோம். ஆனாலும் நாட்டின் மோசமான பள்ளியில் படித்தவன் என்ற முத்திரையைப் பதினைந்து வயதுப் பையனின் நெற்றியில் குத்தி அனுப்ப வேண்டிய தேவை யாருக்கும் இருக்கவில்லை.

இனி இரண்டாவது பள்ளி. டோனி பிளேர் அரசு 2000-ம் ஆண்டில் ‘அகாடமி’ என்ற புதிய வகைப் பள்ளிக்குச் சட்டம் செய்தது. அதுவும் கட்டணமில்லாத அரசுப் பள்ளிதான். ஆனால் பணம் உள்ளாட்சி மன்றம் வழியாக வராது, மத்திய அரசிடமிருந்து நேராக வரும். ஒரு கொடையாளர் சுமார் 20 லட்சம் பவுண்டு கொடுப்பார். நிர்வாகக் குழுவை அமைப்பதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. மோஸ்பார்ன் அகாடமிக்கு வந்த கொடையாளர் தொழிலதிபர் கிளைவ் பார்ன். தந்தை மோஸ் பார்னின் நினைவாகப் பள்ளிக்குப் பெயர் சூட்டினார். கட்டடத்தை வடிவமைத்தது புகழ்பெற்ற ரிச்சர்ட் ரோஜர்ஸின் நிறுவனம். செலவு சுமார் 2.5 கோடி பவுண்டு.

கட்டடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரயில் சத்தத்துக்கு முதுகைக் காட்டி, பூங்காவைப் பார்த்து இரு கைகளை விரித்த ஆங்கில ‘வி’ வடிவம். சட்டகம் முழுக்க மரம். பிரிட்டனின் பெரிய மரச்சட்டகக் கட்டடங்களுள் ஒன்று என்று அப்போது பேசப்பட்டது. பழைய பள்ளிகளில் இருப்பதுபோல நீண்ட, இருண்ட உள்நடைகள் இங்கே இல்லை. வகுப்பறைகள் நடுமுற்றத்தைப் பார்த்த திறந்த தாழ்வாரங்களில் திறக்கின்றன. பெரிய பையன்கள் சின்னவர்களை மடக்கி மிரட்டுவது எப்போதும் ஆள் பார்க்காத மூலையில்தான். இங்கே அப்படி மூலை கிடைப்பது கடினம். ஆசிரியர் அறையிலிருந்து எட்டிப் பார்த்தால் முற்றம் முழுவதும் தெரியும்.

முதல் தலைமை ஆசிரியர் மைக்கேல் வில்ஷா. அதற்கு முன் நியூஹாம் பகுதியில் செயின்ட் பொனவென்ச்சர்ஸ் என்ற கத்தோலிக்கப் பள்ளியை நடத்திப் பெயர் வாங்கியவர். அங்கே செய்ததையே இங்கேயும் செய்தார். சீருடையில் சமரசம் இல்லை. பிள்ளைகள் ஆசிரியரை ‘சார்’, ‘மிஸ்’ என்று அழைக்க வேண்டும். வீட்டுப்பாடம் செய்யாவிட்டால் அன்று மாலையே உட்கார்ந்து முடிக்க வேண்டும். சனிக்கிழமையும் வகுப்பு உண்டு. ஒவ்வொரு பாட வேளையும் தொடங்கும்போது, தேடும் அறிவோடும் அமைதியான மனதோடும் கவனமான செவியோடும் இருப்பேன் என்ற பொருளில் ஓர் உறுதிமொழியை வகுப்பே எழுந்து நின்று சொல்லும். வீட்டில் ஒழுங்கும் அமைதியும் கிடைக்காத பிள்ளைக்குப் பள்ளியாவது அதைத் தர வேண்டும் என்பது வில்ஷாவின் வாதம். தமிழ்ப் பெற்றோர் பலருக்கு இது பழகிய பள்ளியாகவே தோன்றும். இங்கிலாந்தில் அன்று இது பெரிய விவாதம்.

முடிவுகள் எல்லோரையும் அசரவைத்தன. 2009-ல் முதல் அணி ஜிசிஎஸ்இ எழுதியது. பதினாறு வயதில் எழுதும் பொதுத்தேர்வு அது. ஆங்கிலம், கணிதம் உட்பட ஐந்து பாடங்களில் நல்ல தரம் பெற்றவர்கள் 80 விழுக்காட்டுக்கும் மேல். நாட்டின் சராசரி அப்போது சுமார் 50. ஐந்தில் இரண்டு பிள்ளைகள் இலவச மதிய உணவுக்குத் தகுதிபெற்ற ஏழைக் குடும்பத்தவர்கள் என்பதை வைத்துப் பார்த்தால் இது சாதாரணச் சாதனை இல்லை. வில்ஷா 2012-ல் ஆஃப்ஸ்டெட்டின் தலைமை ஆய்வாளரானார். எந்த அமைப்பு பழைய பள்ளியின் முடிவுரையை எழுதியதோ, அதற்கே புதிய பள்ளியின் தலைவர் தலைவரானார்.

அதே பிள்ளைகளை அதே இடத்தில் வைத்து அவர் மாற்றிக்காட்டினார் என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. 2004 செப்டம்பரில் மோஸ்பார்ன் திறந்தபோது உள்ளே வந்தது ஒரே ஒரு வகுப்பு, பதினொரு வயதுக் குழந்தைகள் மட்டும். ஆண்டுக்கு ஒரு வகுப்பாகப் பள்ளி வளர்ந்தது. பழைய பழக்கங்களோடு வந்த மூத்த மாணவர் ஒருவரும் இல்லை. ஆசிரியர்கள் எல்லோரும் புதிதாகத் தேர்ந்தவர்கள். ஆண், பெண் இருவருக்குமான பள்ளி. இதையெல்லாம் விட முக்கியமானது சேர்க்கை முறை. விண்ணப்பிக்கும் குழந்தைகள் எல்லோரும் ஒரு திறனறித் தேர்வு எழுதுகிறார்கள். அந்த மதிப்பெண்ணை வைத்து அவர்களை நான்கு அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் சேர்க்கிறார்கள். கெட்டிக்காரர்களை மட்டும் பொறுக்குவதற்கு இந்த முறை இடம் தராது. பின்தங்கியவர்கள் மட்டுமே வந்து குவியவும் விடாது. ஹாக்னி டவுன்ஸுக்கு அதன் கடைசி இருபது ஆண்டுகளில் இப்படிக் கலந்த வகுப்பறை ஒருநாளும் கிடைக்கவில்லை. வில்ஷாவின் உழைப்பைக் குறைத்துச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இதே சேர்க்கையும் கட்டடமும் கிடைத்திருந்தால் பழைய பள்ளியின் ஆசிரியர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று கேட்க அவர்களுக்கும் உரிமை உண்டு.

மோஸ்பார்ன் தனியாக எழுந்ததும் அல்ல. 2002-ல் ஹாக்னியின் கல்வி நிர்வாகம் முழுவதையும் கவுன்சிலிடமிருந்து எடுத்து, ‘லேர்னிங் டிரஸ்ட்’ என்ற லாபநோக்கற்ற அமைப்பிடம் பத்தாண்டுகளுக்குக் கொடுத்தார்கள். 2003-ல் ‘லண்டன் சேலஞ்ச்’ திட்டம் தொடங்கியது. டிம் பிரிக்ஹவுஸ் என்ற அனுபவசாலி அதற்கு வழிகாட்டினார். நன்றாக நடக்கும் பள்ளியின் தலைமை ஆசிரியர் தடுமாறும் பள்ளிக்குப் போய்க் கூட நின்று உதவுவது அதன் முக்கிய வழிமுறை. பத்து ஆண்டுகளில் லண்டன் பள்ளிகள் நாட்டிலேயே பின்தங்கிய நிலையிலிருந்து முன்னணிக்கு வந்தன. ஹாக்னியின் மற்ற பள்ளிகளும் சேர்ந்தே உயர்ந்தன. பணம், ஆசிரியர், நிர்வாகம், குடியேறிய குடும்பங்களின் படிப்பு ஆசை எல்லாம் ஒரே காலத்தில் கூடிவந்தன. எதற்கு எவ்வளவு பங்கு என்று ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள்.

புகழுக்குப் பின்னால் வாசல் பற்றிய கேள்வி மறுபடியும் எழுந்தது. விண்ணப்பங்கள் இடங்களைவிடப் பல மடங்கு வந்தன. பள்ளிக்கு அருகே வீடு வாங்கப் போட்டி மூண்டது. சிறப்புத் தேவையுள்ள சில குழந்தைகளைச் சேர்க்க மறுத்தது தொடர்பான வழக்குகள் தீர்ப்பாயம் வரை போயின. மோஸ்பார்ன் இன்று ஒரு பள்ளிக் குழுமம். 2014-ல் விக்டோரியா பார்க் பக்கம் இரண்டாவது இடைநிலைப் பள்ளியைத் திறந்தார்கள். 2024-ன் இறுதியில் அந்த இரண்டாவது பள்ளியின் கண்டிப்பு எல்லை மீறுகிறது, குழந்தைகள் பயந்துபோகிறார்கள் என்று பெற்றோரும் முன்னாள் மாணவர்களும் கூட்டாகக் குரலெழுப்பினார்கள். பள்ளித் தரப்பு தன் முறையை ஆதரித்தே பேசியது. குழந்தைகள் பாதுகாப்புக்குப் பொறுப்பான உள்ளூர் அமைப்பு சுயேச்சையான மறுஆய்வுக்கு உத்தரவிட்டது. அதை நடத்த வந்தவர் ஆலன் வுட். லேர்னிங் டிரஸ்ட் காலத்தில் ஹாக்னிப் பள்ளிகளை நிமிர்த்தியதில் முக்கியப் பங்காற்றியவர்.

இப்போது ஹாக்னிக்கு வந்திருக்கும் சிக்கல் வேறு வகை. வாடகையும் வீட்டு விலையும் ஏறியதால் இளம் குடும்பங்கள் வெளியேறுகின்றன, பிறப்பும் குறைந்துவிட்டது. 2024 கோடையோடு டி போவார், ராண்டல் கிரீமர் ஆகிய ஆரம்பப் பள்ளிகளைக் கவுன்சில் மூடியது. வேறு சில பள்ளிகளை ஒன்றோடொன்று இணைத்தது. பணம் இன்னும் மாணவர் தலைக்கணக்கில்தான் வருகிறது. ஆரம்பப் பள்ளியில் காலியான இருக்கைகள் சில ஆண்டுகளில் இடைநிலைப் பள்ளிக்கும் வந்து சேரும். அப்போது எந்தப் பள்ளி நிரம்பும், எந்தப் பள்ளிக்கு மிஞ்சியவர்கள் மட்டும் போவார்கள் என்பதுதான் ஹாக்னியின் பெற்றோரும் கவுன்சிலும் இன்று போட்டுக்கொண்டிருக்கும் கணக்கு.